அடைப்புக்குறிக்குள் நின்றுபோன தாளக்கட்டு
கணினிப் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை கிடைத்த கடிதங்களுள் நான்கு, ஒரே விடயத்தைப் பற்றியவை. லிஸ்ப் என்னும் நிரல்மொழியின் துணையோடு இசை அமைக்கும் மென்பொருள்களை நிறுவ முயன்று இடையில் நின்றுபோன வாசகர்கள், மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து அவற்றை எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்தப் பக்கங்களை முழுவதும் அவர்களுக்கே ஒதுக்கியுள்ளேன்.

கேள்வி: ஐயா, எனது அப்பப்பா வடமோடிக் கூத்துக்கு மத்தளம் அடித்த அண்ணாவியார். அவருடைய தாளக்கட்டுகளைக் கணினியில் எழுதி, அவற்றைத் திருப்பியும் பின்னியும் பார்க்க விரும்புகிறேன். பட்டியல்களைக் கையாள லிஸ்ப் சிறந்தது என்று படித்துவிட்டுக் கொமன் மியூசிக் என்ற மென்பொருளைத் தெரிந்தெடுத்தேன். மூன்று வாரங்களாகியும் அது இயங்கவில்லை. எஸ்பிசிஎல் நிறுவினேன், குவிக்லிஸ்ப்பும் இறக்கினேன். முதல் நாள் எல்லாம் சரியாக இருந்தது. மறுநாள் குவிக்லிஸ்ப் என்று ஒன்று இல்லவே இல்லை என்கிறது. எதைத் தட்டினாலும் வரியின் தொடக்கத்தில் 0], 0[2], 0[3] என்று எண் கூடுகிறதே தவிர வேறொன்றும் நடப்பதில்லை. கண்ணுக்கு முன்னால் இருக்கும் கோப்பைக்கூடக் காணவில்லை என்கிறது. கணினித் துறையில் படிக்காத எனக்கு இது சரிவராதா? – ஆரையம்பதி வாசகர்

பதில்: உங்களுக்கு இது சரிவரும். நீங்கள் விவரித்திருக்கும் மூன்று தடைகளும் ஒவ்வொன்றும் ஓரிரு நிமிடங்களில் தீரக்கூடியவை. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்ததனால்தான் மூன்று வாரங்கள் போயிருக்கின்றன. இந்த மென்பொருள்களுக்கான வழிகாட்டிகளைப் பெரும்பாலும் எழுதியவர்கள் ஆண்டுக்கணக்கில் லிஸ்ப்புக்குள் வாழ்ந்தவர்கள். அவர்களுக்கு மூச்சு விடுவதைப் போலப் பழகிப்போன பல படிகளை அவர்கள் எழுதாமலே விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம் தரும் விடயம்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். நீங்கள் ஒரு மென்பொருளை நிறுவுவதாக எண்ணுகிறீர்கள். ஆனால் உண்மையில் நான்கு பொருள்களை அடுக்குகிறீர்கள். எஸ்பிசிஎல் என்பது லிஸ்ப் மொழியை விளங்கி இயக்கும் கருவி. குவிக்லிஸ்ப் என்பது பிறர் எழுதிய நிரல்தொகுப்புகளை இணையத்திலிருந்து எடுத்து வந்து ஏற்றித் தரும் ஏற்பாடு. கொமன் மியூசிக் அவ்வாறு ஏற்றப்படும் இசைத் தொகுப்பு. ஒலி எழுப்புவது இம்மூன்றுக்கும் வெளியே உள்ள நான்காவது வேலை. ஒவ்வொன்றையும் தனியே சோதித்துச் சரியென்று கண்ட பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். மத்தளத்தின் வார் இழுத்துச் சுருதி பார்க்காமல் யாரும் களரியில் ஏறுவதில்லை அல்லவா?

எஸ்பிசிஎல்லைத் திறந்தவுடன் ஒரு நட்சத்திரக் குறி தோன்றிக் காத்திருக்கும். அங்கே (+ 2 3) என்று தட்டுங்கள். 5 என்று பதில் வந்தால் லிஸ்ப் நலமாக இருக்கிறது. இனி வரும் எந்தக் கோளாறுக்கும் அதை மீண்டும் நீக்கி நிறுவத் தேவையில்லை. நட்சத்திரக் குறிக்குப் பதிலாக 0 என்ற எண்ணும் ஒரு சதுர அடைப்புக்குறியும் தோன்றினால், நீங்கள் பிழைதிருத்தும் அறைக்குள் வந்துவிட்டீர்கள் என்பது பொருள். பிழை நேர்ந்த இடத்திலேயே நிரலை நிறுத்திவைத்து, 'இனி என்ன செய்யட்டும்' என்று லிஸ்ப் உங்களைக் கேட்கிறது. தெரிவுகளையும் எண்ணிட்டுக் காட்டுகிறது. அதைக் கவனியாமல் மறுபடியும் தவறான கட்டளையைத் தட்டினால், அறைக்குள் இன்னோர் அறை திறந்து 0[2] என்று ஆகும். பிறகு 0[3] ஆகும். நீங்கள் கண்ட எண்ணேற்றம் இதுதான். கணினியில் எதுவும் உடையவில்லை. காட்டப்படும் தெரிவுகளுள் 'மேல்மட்டத்துக்குத் திரும்பு' என்ற பொருள்படும் வரிக்குரிய எண்ணைத் தட்டினால் நட்சத்திரக் குறி மீண்டும் வந்துவிடும். பிழைச்செய்தியில் முதல் இரண்டு வரிகளையே படியுங்கள். அவற்றுக்குக் கீழே நீளும் வரிகள் உங்களுக்கு இப்போது வேண்டியதில்லை.

முதல் நாள் இருந்த குவிக்லிஸ்ப் மறுநாள் காணாமற்போனதற்கும் காரணம் எளியது. அதை நிறுவுவது ஒரு வேலை. எஸ்பிசிஎல் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அது தானாகவே ஏறும்படி தொடக்கக் கோப்பில் எழுதிவைப்பது இன்னொரு வேலை. அந்த இரண்டாவது வேலைக்கென்றே குவிக்லிஸ்ப்பில் ஒரு கட்டளை உண்டு. நிறுவி முடிந்ததும் திரையில் தோன்றும் குறிப்பில் அது காட்டப்படுகிறது. அதனை ஒருமுறை இயக்கினால் போதும். அதை விட்டவர்களுக்கு நிறுவிய அன்று மட்டும் எல்லாம் நடக்கும். சாளரத்தை மூடித் திறந்ததும் பழையபடி வெறும் லிஸ்ப் மட்டுமே இருக்கும்.

இனிக் கண்ணுக்கு முன்னால் இருந்தும் காணாத கோப்பு. விண்டோஸில் கோப்புறைகளின் பெயர்களுக்கிடையே இடப்பக்கம் சாய்ந்த கோட்டை (\) இடுகிறோம். லிஸ்ப்பில் மேற்கோளுக்குள் வரும் அந்தக் கோட்டுக்கு வேறொரு பொருள் இருப்பதால், அது கோட்டை விழுங்கிவிட்டுப் பெயர்களை ஒட்டிப் படிக்கிறது. அப்படி ஒட்டிய பெயரில் கோப்பு எதுவும் இருக்க முடியாது. வலப்பக்கம் சாய்ந்த கோட்டையே (/) எல்லா இடத்திலும் இடுங்கள். விண்டோஸிலும் அது செல்லும். இந்த ஒரு கோட்டுக்காக நான் இரண்டு இரவுகளை இழந்திருக்கிறேன் என்பதால், உங்கள் கடிதத்தில் அந்த வரியைப் படித்தபோதே காரணம் தெரிந்துவிட்டது.

இதே இனத்தைச் சேர்ந்த வேறு சில தடைகளும் தமிழ் வாசகர்களுக்கு அடிக்கடி நேர்கின்றன. ஆவணக் கோப்பிலிருந்து நிரலை வெட்டி ஒட்டும்போது நேரான மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாக மாறிவிடும். லிஸ்ப் அவற்றை மேற்கோளாகவே கருதாமல், பெறுமதி கொடுக்கப்படாத ஏதோவொரு பெயர் என்று எண்ணிப் பிழை காட்டும். விண்டோஸின் எளிய எழுதியில் சேமிக்கும் கோப்பின் பெயருக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வால் ஒட்டிக்கொள்ளும். கோப்பு வகைகளைக் காட்டும் அமைப்பை இயக்கிவைத்தால் அது தெரியவரும். கணினியின் பயனர் பெயரைத் தமிழிலோ இடைவெளி விட்டோ வைத்திருந்தால், அந்தப் பெயர் கோப்புறைப் பாதையில் கலந்து சில தொகுப்புகளைத் தடுமாறச் செய்யக்கூடும். தமிழில் பெயர் வைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன்; இந்த வேலைக்கென்று மட்டும் ஆங்கில எழுத்தில் சிறிய பெயருடன் இரண்டாவது பயனர் கணக்கு ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள்.

கொமன் மியூசிக்கைப் பற்றியும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். ஹைன்ரிக் டௌப் என்பவர் 1989இல் தொடங்கிய அந்த மென்பொருள் பல தலைமுறைகளைக் கண்டது. இரண்டாம் தலைமுறை கொமன் லிஸ்ப்பில் எழுதப்பட்டது. மூன்றாம் தலைமுறை கிரேஸ் என்ற பெயரில், ஸ்கீம் என்னும் லிஸ்ப் வகையொன்றைத் தன்னுள்ளேயே கொண்டு, தனி மென்பொருளாக வந்தது. ஒரு தலைமுறைக்கு எழுதிய வழிகாட்டியைப் படித்துக்கொண்டு இன்னொரு தலைமுறையை நிறுவ முயன்றால் எந்தப் படியும் பொருந்தாது. நீங்கள் படிக்கும் வழிகாட்டி எதற்குரியது என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். இரண்டாம் தலைமுறைதான் வேண்டும் என்றால், இறக்கிய கோப்புறையைக் குவிக்லிஸ்ப்பின் உள்ளே local-projects என்ற பெயரில் இருக்கும் கோப்புறையில் வையுங்கள். இறக்கங்கள் விழும் வழக்கமான இடத்திலேயே அதை விட்டுவைத்தால் குவிக்லிஸ்ப் அங்கே தேடாது. ஏற்றும்போது திரை நிறைய எச்சரிக்கைகள் ஓடும். எச்சரிக்கை வேறு, பிழை வேறு. கடைசியில் நட்சத்திரக் குறி வந்து நின்றால், ஓடிய எச்சரிக்கைகளைப் பொருட்படுத்தாதீர்கள்.

கேள்வி: வணக்கம். பாடசாலையில் சங்கீதம் கற்பிக்கிறேன். பெரும் சிரமத்தோடு நிறுவி, ஒரு மெட்டையும் எழுதி, மிடி கோப்பாகச் சேமித்துவிட்டேன். லினக்ஸ் கணினியில் அதைத் திறந்தால் ஒலியே இல்லை. சகோதரரின் விண்டோஸ் கணினியில் ஒலிக்கிறது. ஆனால் நான் கேட்ட சித்தாருக்குப் பதிலாக வேறெதுவோ கேட்கிறது. தாளத்துக்கு எழுதிய பகுதியோ பியானோவாக ஒலிக்கிறது. எங்கே பிழைவிட்டேன்? – கல்முனை வாசகி

பதில்: மிடி கோப்புக்குள் ஒலி இல்லை, ஆசிரியை அவர்களே. எந்தச் சுரத்தை, எப்போது, எவ்வளவு அழுத்தமாக, எவ்வளவு நேரம் என்ற ஏவல்கள் மட்டுமே அதிலிருக்கின்றன. சுரம் எழுதிய கொப்பியைப் போன்றது அது. பாடுவதற்கு ஒருவர் வேண்டும். விண்டோஸில் அப்படியொரு பாடகர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார். லினக்ஸில் நீங்கள்தான் அவரை அழைத்துவர வேண்டும். ஃபுளூயிட்சிந்த் என்ற இலவச மென்பொருளையும், வாத்திய ஒலிகள் அடங்கிய சவுண்ட்ஃபொன்ட் கோப்பு ஒன்றையும் நிறுவினால் உங்கள் மெட்டு அங்கேயும் ஒலிக்கும்.

சித்தார் மாறியதற்கும் தாளம் பியானோவானதற்கும் காரணம் ஒன்றே: அச்சிட்ட அட்டவணைகள் 1இலிருந்து எண்ணுகின்றன, நிரல்கள் பெரும்பாலும் 0இலிருந்து எண்ணுகின்றன. பொது மிடி அட்டவணையில் சித்தார் 105ஆவது வாத்தியம். நிரலில் 105 என்றே எழுதினால் அதற்கடுத்த பாஞ்சோ ஒலிக்கும். 104 என்று எழுத வேண்டும். தோல் வாத்தியங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட 10ஆவது தடத்தையும் அவ்வாறே 9 என்று குறிக்க வேண்டும். 10 என்று எழுதினால் அது சாதாரணத் தடமாகிப் பியானோ ஒலிக்கும். உங்கள் மென்பொருள் எங்கிருந்து எண்ணுகிறது என்பதை ஒரு சுரத்தை ஒலிக்கவைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

ஆரையம்பதி வாசகருக்கும் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பொது மிடியின் தோல் வாத்தியப் பட்டியலில் மத்தளம் கிடையாது. தொடக்கத்தில் கொங்கா முழவின் அடக்கிய அடியான 62ஐயும், தாழ்ந்த கொங்காவான 64ஐயும் வலந்தலைக்கும் இடந்தலைக்கும் ஈடாக வைத்துத் தாளக்கட்டைச் சரிபார்க்கலாம். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். வீட்டிலே மத்தளம் இருக்குமானால், ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய அடியைத் தனித்தனியே, அமைதியான வேளையில், கைப்பேசியிலாவது பதிவுசெய்யுங்கள். பொலிஃபோன் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு அவற்றைச் சவுண்ட்ஃபொன்ட் கோப்பாகக் கட்டலாம். 'ததிங்கிணதோம்' என்று நீங்கள் எழுதும் பட்டியல் அப்பப்பாவின் மத்தளத்திலேயே ஒலிக்கும். நிறுவலில் போன மூன்று வாரங்களைவிட இந்த ஒரு மாலைப் பொழுது பெறுமதியானது என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

கேள்வி: யாழ்நூலைப் படித்துவருகிறேன். ஒரு பாலையிலிருந்து மற்றப் பாலைகள் பிறக்கும் முறையை லிஸ்ப்பில் எழுதிக் கேட்டுப் பார்க்க முடியுமா? ஓப்பின்மியூசிக் என்ற மென்பொருள் நல்லது என்றார்கள், நிறுவிவிட்டேன். 60 என்று சுரம் கொடுத்தால் ஒன்றும் கேட்கவில்லை. – காரைதீவு வாசகர்

பதில்: உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. 1892இல் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானமும் கற்றவர். 1947இல் வெளிவந்த யாழ்நூலில் நரம்புகளின் சுரநிலைகளைக் கணித அளவைகளால் ஆராய்ந்தவர். அவர் தாளில் செய்த வேலையின் ஒரு சிறு பகுதியை நாம் திரையில் செய்து காதால் கேட்கலாம்.

முதலில் உங்கள் தடை. பாரிசிலுள்ள இர்காம் நிறுவனத்தில் உருவான ஓப்பின்மியூசிக், சுரங்களை மிடிசென்ற் என்ற அளவில் எண்ணுகிறது; ஓர் அரைச்சுரத்துக்கு 100 அலகு. நடு மத்திய ச என்று நாம் வைத்துக்கொள்ளும் 60 அங்கே 6000 ஆகும். நீங்கள் கொடுத்த 60, காதுக்கு எட்டாத அடியாழத்தில் எங்கோ கிடக்கிறது. நூறால் பெருக்கிக் கொடுங்கள்.

இனி, பழந்தமிழ் இசையின் ஏழுசுர வரிசையான பாலைக்கு வருவோம். அரிகாம்போதி இராகத்தின் சுர இடைவெளிகளை அரைச்சுரக் கணக்கில் எழுதினால் (2 2 1 2 2 1 2) என்ற பட்டியல் கிடைக்கும். செம்பாலையை இந்த இராகத்தோடு பொருத்துவது இன்று பரவலாக ஏற்கப்படும் கருத்து. குரல் திரிதல் என்பது, குரலாக, அதாவது ஆதார சுரமாக, நின்ற நரம்பை விட்டு அடுத்த நரம்பைக் குரலாகக் கொள்வது. லிஸ்ப்பின் கண்ணால் பார்த்தால், அது பட்டியலின் முதல் எண்ணை எடுத்துக் கடைசியில் வைப்பது, அவ்வளவுதான். முதல் உறுப்பைத் தரும் ஃபர்ஸ்ட், எஞ்சியதைத் தரும் ரெஸ்ட், பட்டியல்களை இணைக்கும் அப்பெண்ட் ஆகிய மூன்று சொற்களால் இதை ஒரே வரியில் எழுதிவிடலாம். ஒருமுறை திருப்பினால் (2 1 2 2 1 2 2) வருகிறது. அதனை 60இலிருந்து கூட்டிக்கொண்டு போனால் 60 62 63 65 67 68 70 72, அதாவது நடபைரவி. முதற் பட்டியலை மூன்று இடம் திருப்பினால் சங்கராபரணம், நான்கில் கரகரப்பிரியா, ஐந்தில் தோடி, ஆறில் கல்யாணி. இரண்டு இடம் திருப்பும்போது மட்டும் பஞ்சமம் தன் இடத்தில் இல்லாமற்போய், இரு மத்திமங்கள் நிற்கும். பாட்டிலே கேட்டுப் பழகிய இராகங்கள் ஒரே பட்டியலிலிருந்து அடுத்தடுத்துப் புறப்பட்டு வருவதை முதன்முறை கேட்டபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

எழுதும்போது பட்டியலுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி இடுவதை மறவாதீர்கள்: '(2 2 1 2 2 1 2). அது இல்லாவிட்டால், 2 என்ற பெயரில் ஒரு செயலை இயக்கச் சொல்வதாக லிஸ்ப் எண்ணிப் பிழை காட்டும்.

சுர இடைவெளிகளை மரபில் அளக்கும் அலகுகளைப் பற்றியும் நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 என்று ஏழு சுரங்களுக்கும் மரபு தரும் எண்களின் கூட்டு 22. அதைக் கண்டு, ஒரு தானத்தை (ஸ்தாயியை) 22 சம பங்காக வெட்டிவிடாதீர்கள். அவ்வாறு வெட்டினால் 13ஆவது அலகில் நிற்கும் பஞ்சமம் ஏறக்குறைய 709 சென்ற்றில் வரும் (சென்ற் என்பது அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு). தம்புராவின் தூய பஞ்சமமோ 3க்கு 2 என்ற விகிதத்தில் பிறப்பது, அது 702 சென்ற். இந்த வேறுபாட்டைத் தம்புரா உடனே காட்டிக்கொடுக்கும். அரைச்சுரக் கணக்கும் முழுத் தூய்மையானதன்று: 5க்கு 4 என்ற விகிதத்தில் பிறக்கும் அந்தர காந்தாரம் 386 சென்ற், மிடி விசைப்பலகை தருவது 400. ஆகவே விகிதங்களைக் கொண்டே கணக்கிடுங்கள். ஓப்பின்மியூசிக்கில் அந்தக் காந்தாரத்தை 6386 என்று நேரடியாகவே எழுதலாம். மிடிசென்ற் அளவின் அருமை அப்போது விளங்கும்.

கேள்வி: உயர்தரம் படிக்கும் மாணவன் நான். பழைய மடிக்கணினி, டேட்டாவும் அளவாகத்தான் இருக்கிறது. இவ்வளவு சிரமமும் இல்லாமல் தொடங்க வழியுண்டா? – வாழைச்சேனை வாசகர்

பதில்: உண்டு, தம்பி. ஒலிப்பதிவுக்குப் பலரும் பயன்படுத்தும் ஓடாசிட்டி மென்பொருளுக்குள்ளேயே நைக்விஸ்ட் என்ற லிஸ்ப் வழி இசைமொழி ஒன்று அடங்கியிருக்கிறது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ரோஜர் டானன்பர்க் உருவாக்கியது அது. ஓடாசிட்டியைத் தவிர வேறொன்றும் இறக்கத் தேவையில்லை. ஒரு தடத்தில் சில வினாடி நீளத்துக்கு மௌனத்தை உருவாக்கி, அதைத் தெரிவுசெய்து, நைக்விஸ்ட் கட்டளைப் பெட்டியைத் திறக்க வேண்டும். அடைப்புக்குறிக்குள் ஒஸ்க் (osc) என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டி, இடைவெளி விட்டு 60 என்று எழுதி இயக்கினால், மௌனம் இருந்த இடத்தில் நடு ச ஒலிக்கும். 60க்குப் பதிலாக 63.86 என்று பதின்மப் புள்ளியோடு எழுதினால், மேலே சொன்ன தூய காந்தாரமும் கிடைக்கும். கட்டளைப் பெட்டியில் தட்டும்போது தமிழ் விசைப்பலகை இயங்கிக்கொண்டிருந்தால் அதை மாற்றிவிடுங்கள்.

இதில் ஓரிரு மாதம் பழகிய பின் எஸ்பிசிஎல்லுக்கு வாருங்கள். பழைய மடிக்கணினியிலும் அது இயங்கும். குவிக்லிஸ்ப் நீங்கள் கேட்கும் தொகுப்பையும் அதற்குத் தேவையானவற்றையும் மட்டுமே இறக்கும். ஒருமுறை இறக்கியவற்றைக் கணினியிலேயே வைத்திருக்கும் என்பதால் டேட்டா மீண்டும் செலவாகாது. இடையில் இணைப்பு அறுந்தால் அதே கட்டளையை மறுபடி கொடுங்கள். முழுவதையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டாம். அப்போதும் எங்காவது நின்றால், பிழைச்செய்தியின் முதல் இரண்டு வரிகளை எழுத்துப் பிசகாமல் எழுதி அனுப்புங்கள்; 'வேலை செய்யவில்லை' என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு காரணத்தைக் கண்டுபிடிக்க என்னால் இயலாது.